கட்டடம் எழுந்தது, பீடம் எழுந்ததா?

1971-ஆம் ஆண்டைத் தமிழ் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். பேராதனைப் பொறியியற் பீடத்தினுட் புகுவதற்கு அவ்வாண்டிலே சிங்கள மொழி மூலம் பரீட்சை எழுதிய மாணவனுக்கு 400-க்கு 227 புள்ளிகள் போதியனவாயிருந்தன. தமிழ் மொழி மூலம் எழுதியவனுக்கோ 250 வேண்டியிருந்தது. ஒரே பாடத்திட்டம், ஒரே வினாக்கள். வாயில் மட்டும் இரண்டு. 1969-இல் பொறியியல் அனுமதி பெற்றோருள் ஏறத்தாழச் செம்பாதியினராய் இருந்த தமிழ் மாணவர், மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்துகொண்ட 1974-இல் நூற்றுக்குப் பதினாறு என்ற அளவுக்கு வீழ்ந்தனர். தரப்படுத்தல் என்ற அச்சொல் ஒரு தலைமுறையின் வயிற்றில் மூட்டிய நெருப்பு எங்கெங்கே பரவிற்று என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

மாவட்ட ஒதுக்கீட்டினால் வன்னியின் கமக்காரர் பிள்ளைகள் சிலருக்கு முதன்முறையாகப் பல்கலைக்கழகக் கதவு திறந்தது என்பதும் உண்மையே. குடாநாட்டார் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவது வழக்கம். நாம் தயங்கவில்லை. ஆனால் இன்று நாம் எழுத எடுத்துக்கொண்ட விடயம் அதுவன்று.

அன்று தொட்டு நமது சிந்தனை முழுவதும் வாயிலிலேயே நின்றுவிட்டது. எத்தனை பேர் எடுபட்டனர், எந்தப் பாடசாலையிலிருந்து எடுபட்டனர், இசட் புள்ளி என்ன, மாவட்டத்தில் எத்தனையாம் இடம்? உயர்தரப் பரீட்சை முடிவு வெளியாகும் வாரத்தில் பத்திரிகைகள் இவற்றைப் பக்கம் பக்கமாக அச்சிடுகின்றன. உள்ளே சென்ற பிள்ளை நான்கு ஆண்டுகளிலும் யாரிடம் கற்றது, எந்த இயந்திரத்தைத் தன் கையால் இயக்கிப் பார்த்தது, கற்றதைக் கொண்டு என்ன செய்தது என்று கேட்போர் இலர். அனுமதிக் கடிதத்தோடு நமது அக்கறை முடிந்துவிடுகின்றது.

இன்று பீடமே நம்மிடம் வந்துவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலே 2014-இல் தன் முதலாவது மாணவர் அணியை ஏற்றுக்கொண்டது. குடிசார் பொறியியல், மின் மற்றும் இலத்திரனியல், இயந்திரப் பொறியியல், கணினிப் பொறியியல் ஆகிய துறைகள் அங்கே உள. இந்திய அரசின் நன்கொடையும் சேர்ந்து எழுப்பிய கட்டடங்கள், போர் கிழித்த மண்ணிலே வெள்ளையாய் நிமிர்ந்து நிற்கின்றன. தெற்கிலிருந்தும் மாணவர்கள் அங்கு வந்து கற்கின்றனர். அவர்களை நாம் மனமார வரவேற்கின்றோம். ஒரு பல்கலைக்கழகத்திற்குத் தூர இடங்களிலிருந்து பிள்ளைகள் தேடி வருவது அதற்குப் பெருமையே.

எனினும் ஒரு கேள்வியை மறைக்க முடியாது. யாழ்ப்பாணத்திலே மிகுந்த புள்ளி பெற்ற மாணவனோ மாணவியோ முதல் விருப்பமாக எதை எழுதுகின்றார்? மொறட்டுவையை எழுதுகின்றார், அதற்கடுத்துப் பேராதனையை எழுதுகின்றார். கிளிநொச்சி கிடைத்தால் வீட்டிலே ஒரு பெருமூச்சு. அந்தப் பெற்றோரை நாம் குறை கூறவில்லை. பிள்ளையின் எதிர்காலத்தைத் தராசில் வைத்து நிறுப்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு மண்பற்றைப் பற்றி உபதேசம் செய்வது எளிது, பயனற்றது. தராசின் மறுதட்டில் நாம் எதை வைத்திருக்கின்றோம் என்பதே கேட்கத் தக்கது.

இந்நாட்டின் பொறியியற் கல்வி எவ்வாறு தொடங்கிற்று என்பதைச் சற்று நினைவுகூர்தல் நலம். அந்நாளிலே சர்வகலாசாலை என வழங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம், 1950-இல் கொழும்பிலே பொறியியற் பீடத்தைத் தொடங்கியபோது அதற்குச் சொந்தக் கட்டடம் இருக்கவில்லை. தற்காலிகக் கொட்டகைகளிலும், தொழினுட்பக் கல்லூரியின் ஆய்வுகூடங்களிலுமே வகுப்புகள் நடந்தன. பேராதனையின் பெருங் கட்டடங்களுக்குப் பீடம் குடிபெயர்ந்தது 1960-களின் நடுப்பகுதியிலேதான். பதினான்கு ஆண்டுகள் ஆசிரியர்கள் முன்னே நடந்தனர். கட்டடம் பின்னே வந்து சேர்ந்தது.

அந்தக் கொழும்புக் காலத்திலே கற்று வெளியேறியவர்களுள் ஒருவர் அழகையா துரைராஜா. கேம்பிரிட்ஜிலே ஆராய்ந்து, 1963-இல் றொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் என்னும் இருவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை, களிமண் எவ்வாறு நெகிழ்ந்து இடங்கொடுக்கின்றது என்பதை விளக்குவது. மண்பொறியியல் கற்பிக்கப்படும் இடமெங்கும் அவர் பெயர் இன்றும் சொல்லப்படுகின்றது. அப்பேராசிரியரே 1988 முதல் 1994-இல் தாம் மறையும்வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். எரிபொருள் கிடைக்காத அந்தப் போர்க்காலத்திலே துணைவேந்தர் சைக்கிளில் சென்றதைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே உளர். உலகறிந்த பொறியியலாளர் ஒருவர் தலைமை தாங்கிய அந்நாளிலே அப்பல்கலைக்கழகத்திற்குப் பொறியியற் பீடம் இல்லை. இன்று பீடம் உண்டு. அவரையொத்தவரைக் கிளிநொச்சிக்கு அழைத்து வந்து இருத்தும் வழி நமக்குத் தெரியவில்லை.

இதுவே நோயின் மூலம். இளம் விரிவுரையாளர் ஒருவர் முதல் வகுப்பிலே சித்தியடைந்து நியமனம் பெறுகின்றார். கலாநிதிப் பட்டம் பெற்றாலன்றிப் பதவியிலே உயர்வு இல்லை. நாட்டுக்குள் அப்பட்டத்திற்கான வசதி குறைவு. ஆகவே விடுமுறை பெற்று வெளிநாடு செல்கின்றார். திரும்பி வருவதாகப் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தே செல்கின்றார். 2022-இல் நாடு வங்குரோத்தடைந்து, டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குத் தாவியபோது, அந்தப் பிணைத்தொகையை அவுஸ்திரேலியாவிலே சில மாதச் சம்பளத்தைக் கொண்டு தீர்த்துவிடலாம் என்றாயிற்று. பலர் தீர்த்தும்விட்டனர். இது இலங்கையின் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் நேர்ந்த கேடுதான். பேராதனையிலே பத்துப் பேராசிரியர் இருக்குமிடத்தில் இருவர் போனால் எட்டுப் பேர் எஞ்சுவர். நேற்று முளைத்த துறையிலே மூவரில் இருவர் போனால் அங்கே துறை என்று சொல்ல என்ன எஞ்சும்?

வெற்றிடத்தை நிரப்பத் திறைசேரியின் அனுமதி வேண்டும். அனுமதி வந்தால் விண்ணப்பதாரர் வேண்டும். விண்ணப்பதாரர் வந்தால் அவர் குடும்பத்திற்கு வீடு, பிள்ளைகளுக்குப் பாடசாலை, மனைவிக்கோ கணவருக்கோ தொழில் வேண்டும். கிளிநொச்சியிலே தரமான விரிவுரையாளர் விடுதிகளைக் கட்டுவது கல்விச் செலவா, கட்டடச் செலவா என்று கணக்காளர் கேட்கக்கூடும். கல்விச் செலவே என்போம். யாழ்ப்பாண நகரிலிருந்து அறுபது கிலோமீற்றருக்கு மேல் காலையில் வந்து மாலையில் திரும்பும் ஆசிரியர், பஸ்ஸின் நேரத்திற்கே பாடம் நடத்துவார். மாலை ஏழு மணிக்கு ஆய்வுகூடத்திலே மாணவரோடு குந்தியிருந்து பழுதுபட்ட சுற்றைத் தேடுபவராலேயே பொறியியலாளர் உருவாகின்றார்.

புலம்பெயர்ந்த நம்மவருக்கும் ஒரு சொல். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் தமிழ்ப் பொறியியலாளர்களும் பேராசிரியர்களும் பலர் உளர். அவர்கள் விடுமுறைக்கு வரும்போது ஒரு சொற்பொழிவு ஆற்றுகின்றனர், பொன்னாடை போர்க்கின்றோம், படம் எடுக்கின்றோம், சென்றுவிடுகின்றனர். நாம் வேண்டுவது சொற்பொழிவன்று. ஒரு பருவம் முழுவதும், பதினைந்து வாரம் தங்கி, ஒரு பாடத்தைத் தொடக்கத்திலிருந்து நடத்தி, வினாத்தாள் எழுதி, விடைத்தாள் திருத்திப் போகக்கூடிய ஆசிரியர் வேண்டும். இங்குள்ள விரிவுரையாளரின் கலாநிதி ஆராய்ச்சிக்கு அங்கிருந்தபடியே கூட்டு மேற்பார்வை செய்யக்கூடியவர் வேண்டும். அவ்வாறாயின் விரிவுரையாளர் ஓராண்டு அங்கும் ஈராண்டு இங்குமாக ஆராய்ந்து பட்டம் பெறலாம். இங்கே வேர் அறாது. பணம் தருவோரும் மண்டபம் கட்டவே விரும்புகின்றனர். மண்டபத்தின் நெற்றியிலே பெயரைப் பொறிக்கலாம் அன்றோ? ஓர் ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளருக்கு ஐந்தாண்டுச் சம்பளம் கொடுப்பவரின் பெயரை எங்கே பொறிப்பது என்று கேட்டால், நமக்கும் விடை தெரியாது. ஆனால் அந்தத் தொழினுட்பவியலாளர் இல்லாவிடில் இலட்சக்கணக்கில் வாங்கிய கருவி, ஒரு சிறு உதிரிப்பாகம் இன்றி உறை போர்த்தியபடியே கிடக்கும்.

மொழியைப் பற்றியும் கூறவேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் தமிழிலே கணிதமும் பௌதிகமும் கற்ற பிள்ளை, பீடத்திலே முதல் நாளிலிருந்து ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கின்றது. ஆங்கிலத்தைக் கைவிடும்படி நாம் கூறவில்லை. அது தொழிலின் மொழி. தெற்கிலிருந்து வந்த பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமரும் மொழியும் அதுவே. ஆனால் விளங்காததை மனனம் செய்து ஒப்புவிக்கும் பழக்கம் அந்த முதல் ஆண்டிலேதான் பிடிக்கின்றது, பிறகு விடுவதில்லை. விரிவுரை ஆங்கிலத்திலே நடக்கட்டும். சிறு குழுப் பயிற்சி வகுப்பிலே தமிழில் கேட்கவும், தமிழில் மறுமொழி பெறவும், சிங்களப் பிள்ளை சிங்களத்திலே அவ்வாறே செய்யவும் இடமிருக்கட்டும். மானிப்பாயிலே வைத்தியர் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, பாடநூலும் கலைச்சொல்லும் ஆக்கித் தந்த நாடு இது. வளைதிருப்பத்தையும் தகைப்பையும் தமிழிலே விளக்க வெட்கப்பட வேண்டியதில்லை.

கணினிக் கல்வியின் நிலை வேறு. கணினிக்கு உருக்கு உலையோ நீரியல் ஆய்வுகூடமோ வேண்டா. ஆதலால் அது மலிவானது, எங்கும் தொடங்கலாம் என்று ஓர் எண்ணம் பரவியிருக்கின்றது. திருநெல்வேலியிலே விஞ்ஞான பீடத்தில் கணினி விஞ்ஞானத் துறை. கிளிநொச்சியிலே கணினிப் பொறியியற் துறை. 2021-இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவிலும் கணினிப் பாடங்கள். மூன்று இடங்களிலும் ஆசிரியர் பற்றாக்குறை. மூன்று இடங்களிலும் அடிப்படைப் பாடங்கள் ஏறத்தாழ ஒன்றே. தரவுக் கட்டமைப்பையும் இயங்குதளத்தையும் கற்பிக்கச் சிறந்த ஆசிரியர் ஒருவரை மூன்று நிறுவனங்களும் ஏன் பகிர்ந்துகொள்ளக் கூடாது? பீடத்திற்குப் பீடம் உள்ள எல்லைக்கல், வேலிக்கதியாலைவிட வலியது போலும்!

மேலும், நிரல் எழுதுதல் என்ற தொழிலே நம் கண்முன் உருமாறிக்கொண்டிருக்கின்றது. சாதாரண நிரலைச் செயற்கை நுண்ணறிவு சில கணத்தில் எழுதித் தருகின்றது. ஆகவே நிரல் எழுத மட்டும் கற்ற பட்டதாரியின் சந்தை மதிப்பு இறங்கும்; இயந்திரம் எழுதியது சரியா பிழையா எனக் கண்டறிய வல்லவரின் மதிப்பு ஏறும். அந்த வன்மை கணிதத்திலிருந்தும், கணினியின் உள்ளமைப்பை அறிவதிலிருந்தும், ஒரு பெரிய மென்பொருளை நால்வர் கூடி ஓராண்டு கட்டியெழுப்புவதிலிருந்தும் வருவது. மூன்று மணி நேர எழுத்துப் பரீட்சையால் அதனை அளக்கவியலாது. தமிழ் மொழியைக் கணினிக்குக் கற்பிப்பதில் மொறட்டுவையிலே சிங்களம்–தமிழ் இயந்திர மொழிபெயர்ப்பு ஆராய்ச்சி நடந்திருக்கின்றது. ஈழத்துப் பேச்சுத் தமிழைக் கேட்டு எழுதும் கணினியை ஆக்கும் வேலை திருநெல்வேலியினதும் கிளிநொச்சியினதும் வேலையாக இருப்பதே இயல்பு. வேறெவர் அதைச் செய்யப்போகின்றார்?

தொழிற்பயிற்சிக்கு நம் மாணவர் கொழும்புக்கே செல்ல வேண்டியிருக்கின்றது. ஒரு காலத்தில் காங்கேசன்துறையிலே சீமெந்துத் தொழிற்சாலை புகைந்தது. அறிவியல் நகருக்கு அண்மையில், பரந்தனிலே இரசாயனத் தொழிற்சாலை இயங்கிற்று. போர் அவற்றை மூடிற்று. எனினும் வடக்கிலே பொறியியல் வேலையே இல்லை என்பதும் பிழை. பளையிலே காற்றாலைகள் சுழல்கின்றன. மன்னாரிலே மின்சார சபை 30 காற்றாலைகளைக் கொண்டு 100 மெகாவாற்று நிலையம் நிறுவியிருக்கின்றது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கு இந்திய நன்கொடையோடு சூரியசக்தியும் காற்றும் இணைந்த மின்திட்டத்திற்கு 2024-இல் ஒப்பந்தம் ஆயிற்று. வட மாகாணத்திலே நிறுவப்படும் இத்தகைய திட்டம் ஒவ்வொன்றின் ஒப்பந்தத்திலும், பீடத்து மாணவர் இத்தனை பேரை ஆறு மாதம் பயிற்சிக்கு ஏற்க வேண்டும் என்று ஒரு வாசகத்தைச் சேர்ப்பதற்கு என்ன செலவு? நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்டுப் பெறத்தக்க சலுகை இது. இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை.

இனி நீருக்கு வருவோம். இப்பத்திரிகையை வாசிக்கும் கமக்காரர், பொறியியற் பீடம் தமக்கு எவ்வாற்றான் உரியது என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் வயிற்றில் மழை விட்டுச் சென்ற நீரையே நாம் இறைத்துக் குடிக்கின்றோம், வெங்காயத்திற்கும் புகையிலைக்கும் பாய்ச்சுகின்றோம். பொறியியலாளர் ஆறுமுகம் 1954-இலே ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவுக் கடல்நீரேரியின் இரு புறத்தையும் அடைத்து, கனகராயன் ஆற்றின் வெள்ளத்தை அதில் நன்னீராகத் தேக்கி, முள்ளியானில் நான்கு கிலோமீற்றரளவு வாய்க்கால் வெட்டி, வடமராட்சி ஏரிக்குக் கொண்டு சேர்ப்பது அதன் சாரம். அணைகளில் சில எழுந்தன. சுண்டிக்குளத்து அணை உடைந்தது. வாய்க்கால் குறையாகவே கிடந்தது. எழுபது ஆண்டுகள் கழிந்தன.

இதற்கிடையிலே இரணைமடு நீரை யாழ்ப்பாணத்திற்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் வந்தபோது, கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். சிறுபோகத்திற்கே போதாத நீரை எவ்வாறு பகிர்வது என்று கேட்டனர். முடிவிலே தாளையடியிலே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் என்ற அளவிலே, 2024-இல் திறக்கப்பட்டது. 2018 டிசெம்பரிலே பெருமழை பெய்து, இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, ஊர்கள் மூழ்கின. கதவுகள் உரிய வேளையிலே திறக்கப்பட்டனவா என்ற சர்ச்சை எழுந்தது. குளத்திலே எவ்வளவு நீர் எப்போது உண்டு? எத்தனை ஏக்கருக்குப் போதும்? எவ்வளவு மழை பெய்தால் எத்தனை மணி நேரத்தில் வெள்ளம் எங்கே நிற்கும்? இவையெல்லாம் அளந்து, கணக்கிட்டு, கணினியிலே மாதிரி அமைத்து விடை காணத்தக்க கேள்விகள். நாமோ அவற்றை மேடையிலே குரல் உயர்த்தித் தீர்க்க முயன்றோம். யாழ்ப்பாணத்தான், வன்னியான் என்று ஒருவரையொருவர் ஏசிக்கொண்டோம். இரு சாராரும் நம்பத்தக்க எண்ணிக்கையைத் தரும் நடுநிலையான இடம் நம்மிடம் அன்று இருக்கவில்லை.

அந்த இடம் இரணைமடுவின் அருகிலேயே இருக்கின்றது. பொறியியற் பீடமும் விவசாய பீடமும் அக்குளத்திற்கு அயலிலே, ஒரே வளாகத்திலே நிற்கின்றன. இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வுத்திட்டம் செய்தாக வேண்டும். அதற்கு எங்கோ வெளிநாட்டுச் சஞ்சிகையிலே கண்ட தலைப்பைப் பிரதிசெய்ய வேண்டியதில்லை. குடிசார் மாணவர் வாய்க்காலிலே கசிந்து போகும் நீரை அளக்கட்டும். இலத்திரனியல் மாணவர் நீர்மட்டத்தை இடைவிடாது அறிவிக்கும் உணர்கருவியைச் செய்யட்டும். சந்தையிலே வாங்கினால் ஆகும் செலவிற்கும் அவர்கள் செய்தால் ஆகும் செலவிற்கும் உள்ள தூரத்தைக் காணட்டும். கணினி மாணவர் பத்தாண்டு மழைக்கணக்கை எடுத்து வெள்ளத்தை முன்னறிவிக்கும் மாதிரியை எழுதட்டும். சுன்னாகத்துக் கிணறுகளிலே எண்ணெய் கலந்த செய்தி ஊரைக் கலக்கியபோது, எவர் அறிக்கையை நம்புவது என்றறியாமல் மக்கள் திகைத்தனர். அவ்வகைத் திகைப்பு மீண்டும் நேருமுன் நம்பத்தக்க ஆய்வுகூடம் ஒன்று தன் பெயரை நிலைநாட்டியிருக்க வேண்டும்.

இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014-இலே வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு அங்கத்துவம் பெற்றது. அதன் அங்கீகாரம் பெற்ற பட்டத்தை உடன்படிக்கை நாடுகள் ஏற்கும். அங்கீகாரம் பீடத்திற்கு மொத்தமாக அன்று, ஒவ்வொரு பட்டநெறிக்கும் தனித்தனியே கொடுபடுவது. குறித்த காலத்திற்குப் பின் மீண்டும் வந்து சோதிப்பர். அச்சோதனையிலே அவர்கள் கேட்பவையும் நாம் மேலே கேட்டவையே: ஆசிரியர் எத்தனை பேர், ஆய்வுகூடம் எப்படி, மாணவர் என்ன செய்யக் கற்றனர்? அனுமதித் தொகையை ஆண்டுக்காண்டு கூட்டும்படி மேலிடம் பணிக்கும்போது, இக்கேள்விகளை முன்னிறுத்தி மறுத்துரைக்கும் துணிவு மூதவைக்கும் பேரவைக்கும் வேண்டும். ஆசிரியர் இன்றி நூறு பேரைச் சேர்ப்பதிலும், ஆசிரியரோடு ஐம்பது பேரைச் சேர்ப்பதே நாம் விரும்புவது. இதனைக் கூறுவதால் சில பெற்றோரின் கோபத்திற்கு ஆளாவோம் என்பதை அறிந்தே கூறுகின்றோம்.

பேரவையிடம் இப்போதைக்கு நாம் வேண்டுவது சிறிது. பொறியியற் பீடத்திலும் கணினி விஞ்ஞானத் துறையிலும் அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் பதவிகள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, படிப்பு விடுமுறையிலுள்ளோர் எத்தனை பேர், தொழினுட்பவியலாளர் எத்தனை பேர் என்ற கணக்கை ஆண்டுதோறும் தமிழிலே மக்கள் முன் வைக்கட்டும். கமக்காரரிடம் வேண்டுவதும் ஒன்றுண்டு. வருகின்ற சிறுபோகத்திற்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிக்கும் கூட்டம் இரணைமடுவின் நீர்மட்டத்தைப் பார்த்தே கூடும். அக்கூட்டத்திற்குப் பீடத்து இறுதியாண்டு மாணவர் நால்வரை அழைத்து, ஒரு மூலையிலே நாற்காலி கொடுத்து, குளத்தின் கணக்கை அவர்கள் வாயால் கேளுங்கள். பிழையாகச் சொன்னால் அங்கேயே திருத்துங்கள்.